போய்ச் சேர்ந்துச்சா தம்பி?

ஜூன் மாதம். பிளஸ் டூ ரிசல்ட் வந்து, இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கு நாள் நெருங்கும் நேரம். தாலுகா ஆபீஸ் இருக்கும் எந்த ஊரிலும், காலை பத்து மணிக்கு இ-சேவை மையத்துக்குப் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

மஞ்சள் பையோடு ஓர் அம்மா. பைக்குள் பிளாஸ்டிக் கவர். கவருக்குள் ரேஷன் கார்டு, ஆதார், மகளின் டி.சி., மார்க் ஷீட், வீட்டுக்காரரின் பழைய பள்ளிச் சான்றிதழ். பக்கத்தில் மகள். மகளின் கையில் நல்லதொரு ஸ்மார்ட்போன்.

அவர்கள் கேட்டு வந்திருப்பது முதல் பட்டதாரி சான்றிதழ். இந்தக் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பட்டம் வாங்கியதில்லை என்று அரசு தரும் சான்று அது. கையில் இருந்தால் இன்ஜினீயரிங் படிப்பில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. கூலி வேலை பார்க்கும் வீட்டுக்கு அந்தச் சலுகை சின்ன விஷயம் இல்லை. நாள் தவறினால் அலைச்சல்.

மையத்துத் தம்பி ஒவ்வொரு காகிதமாக ஸ்கேன் செய்கிறார். தட்டுகிறார். "பாப்பா, போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லு" என்கிறார். மகள் சொல்கிறாள். கடைசியில் ஒரு சீட்டு வெளியே வருகிறது.

"முடிஞ்சுதும்மா. அறுபது ரூபா."

அந்த அம்மா சீட்டைப் பார்க்கிறார். திரையைப் பார்க்கிறார். பிறகு கேட்கிறார்:

"போய்ச் சேர்ந்துச்சா தம்பி?"

"சேர்ந்துடுச்சும்மா. மெசேஜ் வரும்."

"யாருகிட்ட போயிருக்கு?"

"விஏஓகிட்ட போகும். அப்புறம் ஆர்ஐ. அப்புறம் தாலுகா ஆபீஸ்."

"அப்ப நாளைக்கு விஏஓவை நேர்ல ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறோம்."

தம்பி சிரிக்கிறார். அவருக்கு இது புதிதல்ல.

வீட்டில் போன் இருக்கிறது. போனில் நெட் இருக்கிறது. பொதுமக்கள் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்க அரசின் இணையதளமும் இருக்கிறது. அப்புறம் எதற்கு இந்த வரிசை? 'மக்களுக்குத் தெரியவில்லை' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அந்த அம்மாவின் மூன்று கேள்விகளை நிதானமாக யோசித்துப் பார்த்தால், அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது என்பது புரியும்.

கரன்ட் பில் கட்டும் கை ஏன் தயங்குகிறது?

ஒரு புதிய தொழில்நுட்பத்தை மனிதர்கள் ஏன் ஏற்கிறார்கள், ஏன் ஒதுக்குகிறார்கள் என்று 1989-ல் ஃப்ரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்த காலம். அவர் இரண்டு விஷயங்களை முக்கியமாகச் சொன்னார். ஒன்று, இதனால் எனக்குப் பிரயோஜனம் உண்டா? இரண்டு, இதைப் பயன்படுத்துவது சுலபமா? பின்னால் அரசின் இணைய சேவைகளை ஆராய வந்தவர்கள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். நம்பிக்கை. இணையத்தின் மீதான நம்பிக்கையும், அந்தப் பக்கம் இருக்கும் அலுவலகத்தின் மீதான நம்பிக்கையும்.

இதை நம் வீட்டு அனுபவத்தோடு பொருத்திப் பார்க்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரன்ட் பில்லை இப்போது எத்தனை பேர் வரிசையில் நின்று கட்டுகிறார்கள்? ஐஆர்சிடிசி 2002-ல் இணையத்தில் ரயில் டிக்கெட் விற்கத் தொடங்கியது. அதற்கு முன் தீபாவளிக்கு ஊருக்குப் போக விடியற்காலையில் ஸ்டேஷனுக்குப் போய் இடம்பிடித்த குடும்பங்கள், இன்று அதே வேலையைச் சமையலறையில் நின்றபடி முடிக்கின்றன. இதற்காக யாரும் வகுப்பு நடத்தவில்லை.

பென்ஷன் வாங்கும் தாத்தாக்களைக் கேளுங்கள். 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று நிரூபிக்க மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பர் மாதம் வங்கிக்குப் போய் நின்றார்கள். 2014-ல் ஜீவன் பிரமாண் வந்தது. விரல் ரேகை வைத்தால் டிஜிட்டல் வாழ்வுச் சான்றிதழ். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்துபோய் இயந்திரம் மறுக்கிறது என்ற சிக்கல் வந்தபோது, 2021-ல் போன் கேமராவில் முகத்தைக் காட்டினாலே போதும் என்ற வசதி சேர்ந்தது. பேரன் போனைப் பிடிக்க, தாத்தா கண்ணைச் சிமிட்ட, வேலை முடிந்தது.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒரு குணம் இருக்கிறது. பதில் உடனே வருகிறது. பணம் போனால் ரசீது, டிக்கெட் எடுத்தால் பிஎன்ஆர், முகம் காட்டினால் சான்று எண். நடுவில் ஒரு மனிதர் உட்கார்ந்து முடிவு எடுக்க வேண்டியதில்லை.

சான்றிதழ் அப்படி இல்லை. பட்டனை அழுத்தியதும் விண்ணப்பம் ஒரு மனிதரின் பார்வைக்குப் போகிறது. கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வேண்டும். வருவாய் ஆய்வாளர் பரிந்துரைக்க வேண்டும். தாலுகா அலுவலகத்தில் அதற்கு மேல் உள்ளவர் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து டிஜிட்டலாக இருக்கலாம், மனம் மனிதருடையது. அவர் எப்போது பார்ப்பார், பார்த்து என்ன நினைப்பார் என்று திரை சொல்வதில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரு வரி, ஒரு நாளும் இருக்கலாம், இருபது நாளும் இருக்கலாம்.

'யாருகிட்ட போயிருக்கு?' என்று அந்த அம்மா கேட்டது அதனால்தான்.

ஓர் எழுத்து போதும்

அடுத்த பயம், தப்பாகிவிடுமோ என்பது. இதில் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஒரு தனித் தலைவலி உண்டு. பெயர்.

நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் குறைவு. இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், இன்னொன்றில் அப்பாவின் முழுப் பெயரே விரிந்திருக்கும். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின் கணவரின் இனிஷியல். 'ழ'வை ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு வழி. ரேஷன் கார்டில் முருகேசன், பிள்ளையின் டி.சி.யில் முருகேஷ். ஒரே மனிதர், நான்கு காகிதத்தில் நான்கு பேர்.

கவுன்டரில் உட்கார்ந்திருப்பவரிடம் இதை விளக்கலாம். "ஆமா சார், ரெண்டும் எங்க வீட்டுக்காரர்தான்" என்று சொல்லலாம். அவர் தலையை ஆட்டுவார், அல்லது என்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்லுவார். இணையப் படிவத்திடம் இப்படிப் பேச முடியாது. அது ஒரு சிவப்பு வரியைக் காட்டும். அல்லது எதுவும் காட்டாமல் வாங்கிக்கொள்ளும். சில நாள் கழித்து 'நிராகரிக்கப்பட்டது' என்று வரும். மறுபடி முதலிலிருந்து.

பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தவறால் இழப்பு சில நாள். அந்த அம்மாவின் மகளுக்கு இழப்பு ஒரு வருடச் சலுகையாகக்கூட இருக்கலாம். பந்தயம் பெரிதாக இருக்கும்போது யாரும் தனியாகச் சோதனை செய்து பார்க்க மாட்டார்கள். இதே மாதிரி ஆயிரம் படிவம் நிரப்பிய கை ஒன்று பக்கத்தில் இருந்தால் தேவலை என்றுதான் தோன்றும். இ-சேவை மையத்தில் கொடுக்கும் காசில் பாதி, அந்தத் தைரியத்துக்கான விலை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது, வேதனையும் இருக்கிறது. முதல் பட்டதாரி சான்றிதழ் என்பது, 'இந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவர் யாரும் இல்லை' என்று சொல்லும் காகிதம். அப்படிப்பட்ட வீட்டில் விண்ணப்பம் நிரப்பிப் பழகிய பெரியவர் யார் இருப்பார்? உதவி யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களிடமே படிவம் மிக அதிகமாகக் கேட்கிறது.

ஓடிபி யார் போனுக்கு வரும்?

மையத்துத் தம்பி மகளிடம் ஓடிபி கேட்டார் அல்லவா? பல வீடுகளில் இந்த இடத்தில்தான் வண்டி நிற்கும். "அந்த நம்பர் அவர்கிட்ட இருக்குங்க. அவர் திருப்பூர்ல வேலைக்குப் போயிருக்கார்" என்பார்கள். அல்லது, "அந்த சிம் ரீசார்ஜ் பண்ணாம போயிடுச்சு" என்பார்கள்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில், தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்தவர்கள் 54 சதவிகிதம். ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33 சதவிகிதம். அதே வயது ஆண்களில் 57 சதவிகிதம். இந்தச் சில வருடங்களில் நிலைமை மாறியிருக்கும். ஆனால், வீட்டில் போன் இருப்பதும் அந்தப் பெண்ணிடம் போன் இருப்பதும் ஒன்றல்ல என்ற உண்மை அப்படியே இருக்கிறது.

ஆதாரோடு எந்த எண் இணைந்திருக்கிறதோ, அதை வைத்திருப்பவர்தான் வாசலின் சாவியை வைத்திருக்கிறார். விதவைத் தாய்க்கு அந்தச் சாவி மகனிடம் இருக்கும். தனியாக வாழும் பாட்டிக்கு, எப்போதோ படிவம் நிரப்பிக் கொடுத்த பக்கத்து வீட்டுப் பையனின் எண் இருக்கும். நல்லவர்களாக இருந்தால் பிரச்னை இல்லை. இல்லாவிட்டால், உதவித்தொகை வந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே இன்னொருவரைக் கெஞ்ச வேண்டும்.

ஏமாற்று வேலைகளும் சேர்ந்துகொண்டன. 'உங்கள் வண்டிக்கு அபராதம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வருகிறது. தொட்டால் வங்கிப் பணம் போகிறது. அரசாங்கம் பெயரில் வந்த ஒன்றைத் தொட்டு ஒரு முறை சூடுபட்டவர், அடுத்த முறை உண்மையான அரசுச் செய்தியையும் தொட மாட்டார். அதை அறியாமை என்று சொல்ல முடியுமா?

மேலூர் சொன்ன பாடம்

இருபது வருடங்களுக்கு முன்பே தமிழ்நாடு இதில் ஒரு பாடம் படித்திருக்கிறது. 2001 வாக்கில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. 'சாரி' என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். ஐஐடி மெட்ராஸும் அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்டு பல்கலைக்கழகங்களும் அதில் கைகோத்திருந்தன. ஐஐடியில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் இணைப்பு. ஸ்மார்ட்போன் என்ற சொல்லையே ஊர் கேள்விப்படாத காலம் அது.

கிராமத்து மையத்தில் உட்கார்ந்தபடி பிறப்பு, இறப்புச் சான்றிதழுக்கும், சாதிச் சான்றிதழுக்கும், முதியோர் உதவித்தொகைக்கும் தாலுகா அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். கம்ப்யூட்டரை அதற்கு முன் தொட்டறியாத மக்கள்தான். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சமாகிறது என்றதும் வந்தார்கள். மையம் நடத்தியவரும் அந்தப் பக்கத்து ஆள்தான். தெரிந்த முகம்.

இந்த அனுபவத்தை ஆராய்ந்த ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் இருவரின் கட்டுரை 2006-ல் வெளிவந்தது. மக்களுக்குச் செலவும் நேரமும் குறைந்தன என்று அது பதிவு செய்தது. கூடவே, அரசு சேவைகள் அங்கே நிலைக்காமல் போனதையும் பதிவு செய்தது. ஆரம்பத்தில் அக்கறை காட்டிய அதிகாரிகள் மாறுதலில் போனார்கள். பயிற்சி பெற்ற ஊழியர்களும் மாறினார்கள். வந்தவர்களுக்கு அந்த வேகம் இல்லை. விண்ணப்பம் போய்க்கொண்டிருந்தது; பதில் வருவது தளர்ந்தது. பதில் வராத இடத்துக்கு யார் இன்னொரு முறை விண்ணப்பம் அனுப்புவார்கள்?

மக்கள் தயாராகத்தான் இருந்தார்கள். எதிர் முனைதான் தளர்ந்தது. இணையதளம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைவிட, போன தடவை போட்ட விண்ணப்பம் என்ன ஆயிற்று என்பதைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கும். ஒரு தெருவில் ஒருவருக்கு அலையாமல் சான்றிதழ் கிடைத்தால் அந்தத் தெருவே விண்ணப்பிக்கும். ஒருவருக்கு இழுத்தடித்தால், "ஆன்லைன்ல போட்டாலும் நேர்ல போய்த்தான் ஆகணும்" என்ற பேச்சு நிலைத்துவிடும்.

முத்திரை எங்கே?

சான்றிதழ் வந்த பிறகும் கதை முடிவதில்லை. டிஜிட்டல் கையெழுத்தும் க்யூஆர் கோடும் உள்ள ஒரு காகிதம் கையில் இருக்கிறது. அதை வாங்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பவர், "இதுல சீல் இல்லையே? பச்சை மை கையெழுத்து எங்கே?" என்று கேட்டால்?

நில ஆவணங்களுக்கும் இது பொருந்தும். பட்டா, சிட்டாவை 'எங்கிருந்தும் எந்நேரமும்' என்ற அரசுத் தளத்தில் யாரும் எடுக்கலாம். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறைத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனாலும் பல இடங்களில் இதையே நேரில் வாங்கி வரச் சொல்கிறார்கள். டிஜிலாக்கரில் அரசுத் துறைகள் நேரடியாக வழங்கும் ஆவணங்கள் அசலுக்குச் சமம் என்று 2017-லேயே மத்திய அரசு விதி செய்துவிட்டது. விதி போய்ச் சேர்ந்த இடங்களில் நம்பிக்கை வளர்கிறது. சேராத இடங்களில், ஜெராக்ஸ் கடையும் லேமினேஷனும் வளர்கின்றன.

ஆள் வந்தால் படிவம் நிறையும்

2023-ல் கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டத்துக்கு விண்ணப்பம் வாங்கிய விதத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்தார்கள். எல்லாரும் இணையதளத்துக்குப் போய் நிரப்புங்கள் என்று விடவில்லை. ரேஷன் கடை ஊழியர்கள் வீடு வீடாக விண்ணப்பமும் டோக்கனும் கொடுத்தார்கள். பக்கத்திலேயே முகாம். தன்னார்வலர்கள் கைபேசிச் செயலியில் விவரங்களைப் பதிந்தார்கள். முன்னால் தெரிந்த முகம், பின்னால் கம்ப்யூட்டர்.

யாருக்குக் கிடைத்தது, யாருக்கு விடுபட்டது என்ற விவாதம் வேறு. ஆனால், இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் பெண்களை ஓர் இணையப் பதிவுக்குள் கொண்டுவந்தது, ஆளும் கருவியும் சேர்ந்து நின்ற ஏற்பாடுதான். 'எல்லாம் ஆன்லைன்' என்று கவுன்டரை மூடுவது வேறு; கவுன்டரை வீட்டுப் பக்கத்தில் கொண்டுவருவது வேறு.

வீட்டில் செய்ய வேண்டியவை

அலுவலகம் மாறும்வரை காத்திருக்க முடியாது. கவுன்சலிங் தேதி காத்திருக்காது. அதனால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து இவற்றைச் செய்துவைக்கலாம்.

* ஆதார், ரேஷன் கார்டு, டி.சி., வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தேவை வருவதற்கு முன் திருத்துவது சுலபம்.

* வீட்டில் ஒவ்வொருவர் ஆதாரிலும் எந்த செல் நம்பர் இருக்கிறது என்று எழுதிவையுங்கள். அம்மாவுக்கும் பாட்டிக்கும் அவர்கள் கையில் இருக்கும் எண்ணே இருக்கட்டும்.

* இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும் உங்கள் எண்ணைத்தான் பதிய வேண்டும். மையத்தின் எண்ணையோ, உதவிக்கு வந்தவரின் எண்ணையோ கொடுத்தால் தகவல் உங்களுக்கு வராது.

* சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்க 'கேன்' எனப்படும் எண் ஒருமுறை பதிந்தால் போதும். அந்த எண்ணைக் குறித்துவையுங்கள். ஒவ்வொரு விண்ணப்ப எண்ணையும் போட்டோ எடுத்துவையுங்கள்.

* அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' அல்லது 'என்ஐசி டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். போனில் கூப்பிட்டு ஓடிபி கேட்பவருக்குச் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

* நாள் கடந்தும் பதில் இல்லையா? விண்ணப்ப எண்ணோடு முதல்வரின் உதவி மையத்துக்கு 1100-ல் புகார் சொல்லலாம்.

இனி அந்த அம்மாவிடம் போவோம். மறுநாள் விஏஓ அலுவலகத்துக்குப் போனார். அவர் வெளியூர் போயிருந்தார். அதற்கடுத்த நாளும் போனார். பார்த்தார். "ஆன்லைன்ல வந்திருக்கும்மா, பார்க்கிறேன்" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தை கேட்ட பிறகுதான் அந்த அம்மாவுக்குச் சோறு இறங்கியது.

சில நாளில் மகளின் போன் ஒலித்தது. சான்றிதழ் தயார். மகள் இறக்கிக்கொண்டாள். தெருமுனைக் கடையில் பிரின்ட் எடுத்தாள். அம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீல் எங்க பாப்பா?"

"இதாம்மா. இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணா தெரியும்."

"காலேஜ்ல ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்கணும்மா."

அந்த வார இறுதியில் எதிர் வீட்டு அக்கா ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். "பாப்பா, நீ போன்லயே எல்லாம் போடுவியாமே. எங்க அத்தைக்கு முதியோர் பென்ஷன் எழுதணும்."

மகள் கவரைப் பிரிக்கவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆதார்ல எந்த நம்பர்க்கா குடுத்திருக்கீங்க? அந்த போன் இப்ப யார்கிட்ட இருக்கு?"